வேகம் இருக்கிறது, மேடு இல்லை

பைக்கும் பேட்டரியும் தயாராகும் சீமை இது. காளையை மறித்து நிற்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். சூப்பர்கிராஸ் பந்தயத்தின் அடுத்த பருவத்தில் சித்தூர், திருப்பதி மண்ணிலிருந்து ஒரு வீரர் எழுந்து வர வாய்ப்பு எவ்வளவு?

திருமலைக்குப் போகும் சாலையில் சீக்கிரம் போய்ச் சேர்வது குற்றம். அலிபிரி சாவடியில் வாகனம் நுழையும் நேரம் பதிவாகிறது. மேலே போய்ச் சேரக் குறைந்தது 28 நிமிடம் ஆக வேண்டும். இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம். அதற்கு முன்பாக மறுமுனையில் வந்து நிற்கும் டிரைவர் பதில் சொல்லியாக வேண்டும். இறங்குவதற்கு ஏன் கூடுதல் நேரம் என்பது ஒரு முறை அந்தப் பாதையில் இறங்கியவர்களுக்குப் புரியும். இறங்கும் சாலை 1944இல் திறக்கப்பட்டது. அதன் வளைவுகள் நெருக்கமானவை. ஏறும் சாலை 1974இல் வந்தது. அது கொஞ்சம் தாராளமானது.

சாமியைப் பார்க்கப் போகிறவருக்கு அவசரம் கூடாது என்பது நல்ல விதிதான். ஆனால் கீழே, திருப்பதி நகரத்தில் இருக்கும் 20 வயது இளைஞருக்கு அவசரம் இருக்கிறது. கல்லூரிகள் நிறைந்த ஊர் இது. மாலையில் பல்கலைக்கழகச் சாலையிலும் புறவழிச் சாலைகளிலும் பைக்குகளின் உறுமல் கேட்கிறது. இந்த வேகத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் விலையும் தெளிவானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொதுச் சாலையில் பந்தயம் விடுபவருக்கு முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. மறுபடி பிடிபட்டால் சிறை ஓராண்டு வரை, அபராதம் 10,000 வரை.

சாலையில் கூடாது என்றால் வேறு எங்கே? சித்தூர், திருப்பதி மாவட்டங்களைச் சுற்றி வருகிற யாருக்கும் எழுகிற கேள்வி அது. அதற்கு ஒரு பதில், ஸ்டேடியத்துக்குள் மண்ணைக் கொட்டி நடத்தப்படும் சூப்பர்கிராஸ்.

ஸ்டேடியத்துக்குள் ஒரு மலை

சூப்பர்கிராஸ் அமெரிக்காவில் பிறந்தது. காட்டிலும் மேட்டிலும் நடந்துவந்த மோட்டோகிராஸ் பந்தயத்தை, 1972 ஜூலையில் மைக் குட்வின் என்ற விளம்பரதாரர் லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியம் மைதானத்துக்குள் கொண்டுவந்தார். புல்தரையின் மேல் மண்ணைக் கொட்டி மேடு பள்ளம் அமைத்து டிக்கெட் விற்றார். அந்த இரவில் ஜெயித்த மார்ட்டி ட்ரைப்ஸுக்கு வயது 16. இரண்டே ஆண்டுகளில், 1974இல், அது தேசிய சாம்பியன்ஷிப் ஆனது. 1990களில் ஜெரமி மெக்ராத் ஏழு பட்டங்களில் பெரும்பாலானவற்றைக் குவித்தபோது, அமெரிக்கச் சிறுவர்கள் அவர் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள்.

பார்வைக்கு இது சர்க்கஸ் போலத் தோன்றும். ஆனால் இது கணக்கு. வரிசையாக நிற்கும் இரும்புக் கம்பிக் கதவு கீழே விழுந்ததும் அத்தனை பைக்குகளும் ஒரே வளைவை நோக்கிப் பாய்கின்றன. அந்த முதல் வளைவை முதலில் தொடுகிறவருக்கு முன்னால் புழுதி இல்லை, இடிக்க ஆள் இல்லை. பாதிப் பந்தயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் ஒரே தாவலில் மூன்று மேடுகளைக் கடக்கும் டிரிபிள். மேட்டுக்கு மேடு 20 மீட்டருக்கும் மேல் காற்றில் பறக்க வேண்டியிருக்கும். குறைவாகத் தாவினால் மூன்றாவது மேட்டின் முகத்தில் மோத வேண்டும். அதிகம் தாவினால் சமதரையில் விழுந்து முழங்கால் நொறுங்கும். அடுத்து வருவது ஹூப்ஸ், அதாவது அடுக்கடுக்காக நிற்கும் சிறு மேடுகள். மெதுவாகப் போனால் வண்டி குதிரைபோல உதறித் தள்ளும். முழு வேகத்தில் உச்சிகளை மட்டும் தொட்டுப் போனால்தான் தப்பலாம்.

காற்றில் இருக்கும்போதும் வீரருக்கு வேலை உண்டு. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டியின் மூக்கு உயரும். பின்பிரேக்கை மிதித்தால் மூக்கு தாழும். சுழலும் சக்கரம் செய்யும் வேலை அது. நூறு கிலோவைத் தாண்டும் வண்டியை முழங்கால்களால் இறுக்கிப் பிடித்து, நின்றபடியே ஓட்ட வேண்டும். அமெரிக்காவில் பெரிய வண்டிகளின் இறுதிப் பந்தயம் 20 நிமிடமும் ஒரு சுற்றும் நடக்கிறது. அந்த நேரம் முழுவதும் இதயம் உச்சத்தில் துடிக்கிறது. சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிற இளைஞருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது. சாலை வேகம் வேறு. மண் வேகம் வேறு.

இந்தியாவுக்கு இது புதிதல்ல. கோவை, பெங்களூரு, நாசிக், புனே நகரங்களில் டர்ட் ரேஸ் என்ற பெயரில் மக்கள் கூடிப் பார்த்தது இதைத்தான். தேசிய சூப்பர்கிராஸ் சாம்பியன்ஷிப்பும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. புதிதாக வந்திருப்பது பணம். கிரிக்கெட்டைப் போலவே அணிகள், ஏலம், வெளிநாட்டு வீரர்கள் என்று இந்தியன் சூப்பர்கிராஸ் ரேஸிங் லீக் 2024 தொடக்கத்தில் பிறந்தது. முதல் பருவத்தின் சுற்றுகள் புனே, அகமதாபாத், பெங்களூரு நகரங்களில் நடந்தன. இரண்டாம் பருவம் 2025இன் கடைசி மாதங்களில் புனே, ஐதராபாத், கோழிக்கோடு என்று நகர்ந்தது. இந்த இரு பருவங்களிலும் ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு சுற்றுகூட நடக்கவில்லை. சித்தூர்க்காரருக்கு லீக் என்பது கைப்பேசியில் பார்க்கும் காட்சி.

பைக் பிறக்கும் ஊர்

இதில் முரண் என்னவென்றால், இந்தச் சீமைக்கு மோட்டார் சைக்கிள் அந்நியமே அல்ல. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி விரிந்திருக்கிறது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். அந்த வட்டாரத்தில் சத்தியவேடு அருகே ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனம் சுமார் 600 ஏக்கரில் தொழிற்சாலை அமைத்தது. 2018 மார்ச்சில் அடிக்கல் நாட்டியபோது சொன்ன இலக்கு, ஆண்டுக்கு 18 லட்சம் வண்டிகள். அதே வட்டாரத்துச் சின்னபண்டூரில் அப்பல்லோ டயர்ஸ் ஆலை 2020 ஜூனில் உற்பத்தியைத் தொடங்கியது. இசுசு நிறுவனத்தின் வாகனங்கள் 2016 முதல் ஸ்ரீசிட்டியில் உருவாகின்றன.

மறுபக்கம் திருப்பதியை ஒட்டிய கரகம்பாடி. அமர ராஜா நிறுவனம் 1985இல் தொடங்கப்பட்டது. இன்று நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பைக்குக்குள் உட்கார்ந்திருக்கும் ஆமரான் பேட்டரி அதன் தயாரிப்பு. சித்தூர் அருகே நூனேகுண்டலபள்ளியிலும் அதன் ஆலைகள் உள்ளன. ஒரு காலத்தில் நிலக்கடலையும் மாங்காயும் மட்டுமே தெரிந்த கிராமங்களிலிருந்து இன்று காலை ஷிஃப்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள் இளைஞர்களும் பெண்களும்.

2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டம் ஆனது. ஸ்ரீசிட்டியும் கரகம்பாடியும் திருப்பதி பக்கம் போயின. சித்தூரிடம் மாந்தோப்புகளும் பால்பண்ணைகளும் கருங்கல் குவாரிகளும் மிஞ்சின. இந்த மண்ணுக்குப் பிரிவினை பழக்கமானதுதான். 1911இல் மதராஸ் மாகாணத்தில் உருவான மாவட்டம் இது. 1953இல் ஆந்திராவோடு போனது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. பதிலுக்குச் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. இன்றும் சித்தூர் கடைவீதியில் தெலுங்கில் தொடங்கும் பேரம் தமிழில் முடிகிறது. நகரியிலும் குப்பத்திலும் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. குப்பத்திலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போனால் டிவிஎஸ் தொழிற்சாலை. இந்தியாவின் பழைய, வலுவான பந்தய அணிகளில் ஒன்றை வைத்திருக்கும் நிறுவனம் அது.

ஆகவே இந்தச் சீமை பைக்குகளால் சூழப்பட்டிருக்கிறது. புது வண்டி வாங்கியவர்கள் சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஓட்டத் தொடங்குகிறார்கள். சத்தியம் செய்வதற்குப் பேர்போன கோயில் அது. ஹெல்மெட் போடுவேன் என்று அங்கே சத்தியம் வாங்கினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கும் தாய்மார்கள் இருக்கக்கூடும்.

பலகையைப் பறிக்கும் கை

தைரியத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் இருக்கிறது சந்திரகிரி. விஜயநகரத்தின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. 1639இல் மதராஸ் மண்ணை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது இந்த அரசுதான். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களைவிட, சங்கராந்தியின்போது பக்கத்து ரங்கம்பேட்டைக்கு வருகிற கூட்டம் பெரிது.

அங்கே நடப்பதை வெளியூர்க்காரர்கள் ஜல்லிக்கட்டு என்கிறார்கள். உள்ளூரில் அது பசுவுல பண்டுக, மாட்டுப் பண்டிகை. மதுரைப் பக்கம்போலத் திமிலைத் தழுவுவது அல்ல விஷயம். காளைகளின் கொம்புகளில் மரப்பலகை கட்டுகிறார்கள். அதில் சாமி படம் இருக்கும், சினிமா நடிகர் படம் இருக்கும், அரசியல்வாதி படமும் இருக்கும். குறுகலான தெருவில் மேளச் சத்தத்தில் மிரண்டு ஓடிவரும் காளையின் கொம்பிலிருந்து அந்தப் பலகையைப் பறிப்பதுதான் வீரம். பறித்த பலகையை வீட்டில் மாட்டிவைக்கிறார்கள். காயம்படுகிறவர்களும் உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த பிறகும் இங்கே பண்டிகை என்ற பெயரில் அது தொடர்ந்தது.

ஓடும் காளையின் பக்கவாட்டில் பாய்ந்து, ஒரு நொடியில் கையை நீட்டி, அடுத்த நொடியில் விலகுகிற உடலும் கண்ணும், மண் பந்தயம் கேட்கும் உடலும் கண்ணும்தான். ஆனால் ஒரு வித்தியாசம். காளைக்கு ஆண்டில் ஒரு நாள் போதும். பைக்குக்கு வாரத்தில் நான்கு நாள் வேண்டும்.

தைரியத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மலைச்சாலைகள் சாட்சி. திருப்பதிக்கு மேற்கே பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தக் கோஷ்டி வந்த பஸ் பள்ளத்தில் விழுந்தது. சித்தூர் – பெங்களூர் சாலையில் மொகிலி மலைப்பாதையில் 2024 செப்டம்பரில் பஸ்ஸும் லாரியும் மோதின. இரண்டிலும் உயிர்கள் போயின. இவை பந்தயம் விட்டவர்களின் விபத்துகள் அல்ல. சாதாரணப் பயணிகளுக்கே இரக்கம் காட்டாத சாலைகள் என்பதற்கு உதாரணங்கள். திருமலைப் பாதையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமி சிறுத்தையால் கொல்லப்பட்ட பிறகு, இரு சக்கர வாகனங்கள் மலையேறுவதற்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. வேகத்தைப் பழகிக்கொள்ள இந்த மலைகள் இடமல்ல.

ஷொரணூர் காட்டிய வழி

சிறிய ஊரிலிருந்து வருகிறவருக்கு இந்த விளையாட்டில் எதிர்காலம் உண்டா? உண்டு என்பதற்குக் கேரளத்தின் ஷொரணூர் சாட்சி. ரயில் மாறும் ஊர் என்று மட்டுமே தமிழர்கள் அறிந்த அந்த ஊர்க்காரர் ஹரித் நோவா. ஐந்து முறை தேசிய சூப்பர்கிராஸ் சாம்பியன். ஸ்டேடிய மேடுகளில் கற்றதை எடுத்துக்கொண்டு அவர் பாலைவனத்துக்குப் போனார். 2024 டக்கார் ராலியில் ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ஓட்டி, ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்றார். அந்தப் பிரிவில் ஜெயித்த முதல் இந்தியர் அவர். ஒட்டுமொத்தத்தில் 11வது இடம். அதே ஆண்டு ஹீரோ பைக்கை ஓட்டிய போட்ஸ்வானா வீரர் ராஸ் பிராஞ்ச் இரண்டாவதாக வந்தார்.

ஆனால் அடுத்த பருவம் என்பது எவ்வளவு நிச்சயமற்றது என்பதையும் ஹரித் நோவாவின் கதையே சொல்கிறது. 2025 ஜனவரியில் பெரும் எதிர்பார்ப்போடு சவுதி அரேபியாவுக்குப் போனவர், பந்தயம் முறையாகத் தொடங்கும் முன்பே, முன்னோட்டச் சுற்றில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஓராண்டு உழைப்பு சில கிலோமீட்டரில் முடிந்தது. இந்த விளையாட்டில் ஆருடம் சொல்கிற யாரும் முதலில் எழுதவேண்டிய வரி இதுதான்: எலும்பு முறியாமல் இருந்தால்.

பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் அதையும் தாண்டியவர். தேசிய மண் பந்தயங்களில் பட்டங்களைக் குவித்துவிட்டு, 2015இல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் ஆனார். 2021இல் அதே ராலியில் விழுந்து, தலையில் அடிபட்டு, மருத்துவர்களால் நினைவிழந்த நிலையில் வைக்கப்பட்டு மீண்டார். பிறகு சூப்பர்கிராஸ் லீக்கில் பிக்ராக் என்ற அணியின் உரிமையாளராக வந்து நின்றார். புனேயின் ருக்வேத் பார்குஜே தேசிய சூப்பர்கிராஸ் பட்டம் வென்று, லீக்கில் வெளிநாட்டவர்களோடு கதவருகே நிற்கும் தலைமுறையைச் சேர்ந்தவர்.

இந்த மூவருக்கும் பொதுவானது என்ன? மூவரும் தொழிலாகவே இதைச் செய்தவர்கள். ஓய்வு நேரத்தில் ஓட்டிப் பார்த்தவர்கள் அல்ல.

கணக்கு என்ன சொல்கிறது

லீக்கில் நான்கு பிரிவுகள் இருந்தன. 450 சிசி சர்வதேசப் பிரிவு, 250 சிசி சர்வதேசப் பிரிவு, இந்திய – ஆசிய வீரர்களுக்கான 250 சிசி பிரிவு, சிறுவர்களுக்கான 85 சிசி பிரிவு. ஓர் இந்தியத் தொழில்முறை வீரரின் அடுத்த பருவ வாய்ப்பை இந்த நான்கு வாசல்களையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதல் இரண்டு வாசல்களும் இப்போதைக்குக் கடினம். அங்கே வருகிற ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய வீரர்கள் நான்கைந்து வயதில் 50 சிசி வண்டியில் ஏறியவர்கள். ஒருவர் 15 ஆண்டுகளாகத் தாவிய மேட்டை இன்னொருவர் 3 ஆண்டுப் பயிற்சியில் எட்டிப் பிடிப்பது அரிது. மூன்றாவது வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அங்கேயும் போட்டி லேசானது அல்ல. தாய்லாந்திலிருந்து வருகிறவர்கள் முழுநேரத் தடங்களில் பழகியவர்கள். அவர்களோடு மோதும் இந்தியர் முதல் வளைவில் முதல் ஐந்துக்குள் நுழைந்தால் பரிசு மேடையை நினைக்கலாம். பத்துக்குப் பின்னால் போனால் புழுதியைத் தின்றுகொண்டு முடிக்க வேண்டியதுதான். நன்றாகப் பயிற்சி பெற்ற இந்திய சாம்பியனுக்கு இந்தப் பிரிவில் மேடை ஏறும் வாய்ப்பு நியாயமாகவே உண்டு. புதுமுகத்துக்கு இறுதிப் பந்தயம்வரை வருவதே வெற்றி.

சித்தூர், திருப்பதி இளைஞருக்கு இந்த மூன்று வாசல்களும் அடுத்த பருவத்தில் திறக்கப்போவதில்லை. அதைச் சொல்லிவிடுவதே நேர்மை. அவருக்கான வாசல் வேறு. தேசியப் போட்டிகளில் புதியவர்களுக்கான பிரிவுகளும், இந்தியத் தயாரிப்பு வண்டிகளுக்கான பிரிவுகளும் இருக்கின்றன. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் போன்ற மண்சாலை வண்டியை மாற்றியமைத்து ஓட்டுகிறவர்கள் அங்கே நிறைய. டிவிஎஸ் தன் பந்தயப் பிரிவில் உருவாக்கிய ஆர்டிஆர் 300 எஃப்எக்ஸ் வண்டியும் அந்தக் களத்தில் ஓடியிருக்கிறது. முதல் பருவத்தில் கவனத்தை ஈர்த்தால் இரண்டாம், மூன்றாம் பருவத்தில் ஓர் அணியின் கண்ணில் படலாம்.

அதற்கு மேல் போக நினைத்தால் பணம் குறுக்கே நிற்கிறது. கேடிஎம் நிறுவனம் 2024 நவம்பரில் இந்தியாவில் மோட்டோகிராஸ் வண்டிகளை அறிமுகப்படுத்தியபோது, 250 எஸ்எக்ஸ்-எஃப் வண்டியின் விலை 9.58 லட்சம் ரூபாய். 450 சிசி வண்டி 10.25 லட்சம். சிறு பிள்ளைகள் ஓட்டும் 50 சிசி வண்டியே 4.75 லட்சம். ஹெட்லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. சாலையில் ஓட்ட முடியாது. கல்லூரிக்கும் போகலாம், பந்தயத்துக்கும் போகலாம் என்று அப்பாவிடம் பேசி வாங்குகிற சாமான் அல்ல. தவிர, ஹெல்மெட், கழுத்துப் பட்டை, முழங்கால் கவசம், பூட்ஸ், உதிரிபாகம், வண்டியை ஏற்றிப்போக வேன், கூட ஒரு மெக்கானிக்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது மண்.

பலமநேர் மலைக்கு அப்பால்

சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலை பங்காருபாளையத்தைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. பலமநேரை அடையும்போது சித்தூரைவிட 300 மீட்டருக்கும் மேலே வந்திருப்போம். காற்று மாறுகிறது. மாந்தோப்புகள் குறைந்து, தக்காளித் தோட்டங்களும் பட்டுப்பூச்சிக்கான முசுக்கொட்டைச் செடிகளும் வருகின்றன. நங்கிலி எல்லையைக் கடந்தால் கர்நாடகம். முள்பாகல், பிறகு கோலார். தங்கம் தோண்டிய சீமை.

அந்தக் கோலார் பக்கத்தில்தான் சந்தோஷின் பிக்ராக் டர்ட் பார்க் இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே செம்மண்ணைக் குவித்து மேடும் வளைவும் அமைத்து, வண்டியையும் பயிற்சியாளரையும் கொடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மண்ணில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். பெங்களூர் மென்பொருள் இளைஞர்களுக்கு அது வார இறுதிப் பொழுதுபோக்கு. சித்தூர் இளைஞருக்கு அதுவே சுமார் 110 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளிக்கூடம். மறுதிசையில் போனால் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் அது முதன்மையாகத் தார்த் தடம். வேறு விளையாட்டு, வேறு உடல்.

வாரத்துக்கு ஒரு முறை மலையேறிப் போய் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறவர் சாம்பியன் ஆக முடியாது. கதவு விழும் நொடியில் கிளட்சை விடும் விரல்களுக்கு ஆயிரக்கணக்கான முறை பழக்கம் வேண்டும். டிரிபிளைக் கண்ணை மூடித் தாவும் அளவுக்கு உடம்பு அதை அறிந்திருக்க வேண்டும். அதற்கு வீட்டுப் பக்கத்தில் மேடு வேண்டும்.

இங்கேதான் சித்தூர் சீமையின் சோகமும் நம்பிக்கையும் சேர்ந்து இருக்கின்றன. சூப்பர்கிராஸ் தடம் கட்ட என்ன வேண்டும்? கெட்டிப்படும் களி கலந்த மண், அதைச் சுமக்கச் சில நூறு லாரி நடை, குவிக்க ஜேசிபி, நனைத்து இறுக்கத் தண்ணீர், சுற்றிலும் வேலி, வாசலில் ஓர் ஆம்புலன்ஸ். இவற்றில் வெளியிலிருந்து வரவேண்டியது எதுவும் இல்லை. செம்மண் எங்கும் கிடக்கிறது. தூர்வாராத ஏரிகளில் வண்டல் தேங்கிக் கிடக்கிறது. குவாரிகளைச் சுற்றி லாரியும் ஜேசிபியும் இருக்கின்றன. வேலை இல்லாத நாளில் சும்மா நிற்கின்றன. சித்தூரின் மெசானிகல் மைதானமோ, திருப்பதி பல்கலைக்கழகத்தின் தாரகராமா ஸ்டேடியமோ ஒரு வாரத்துக்குக் கிடைத்தால் போதும், ஒரு கண்காட்சிப் பந்தயம் நடத்திவிடலாம். நிரந்தரத் தடத்துக்குப் பயிர் ஏறாத சில ஏக்கர் மேட்டு நிலம் போதும். அப்படிப்பட்ட நிலம் இந்தச் சீமையில் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிகிறது.

600 ஏக்கரில் பைக் செய்யும் சீமையில் பைக் ஓட்டிப் பழக 6 ஏக்கர் ஒதுக்குவது பெரிய காரியமல்ல. ஆந்திர அரசு செய்யலாம். ஆலை நடத்தும் நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் செய்யலாம். பந்தய வீரர்களை உருவாக்குவது அதன் ஒரு பயன்தான். பத்து இளைஞர்களில் ஒருவர்கூட வீரர் ஆகாமல் போகலாம். மீதி ஒன்பது பேரும் வேகத்தின் விலையை மண்ணில் விழுந்து கற்றிருப்பார்கள், லாரியின் சக்கரத்தில் அல்ல. கவசம் இல்லாமல் வண்டியில் ஏறக்கூடாது என்பதைப் போலீஸைவிட அவர்களுடைய முட்டிகளே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

அடுத்த பருவத்துக்கான ஆருடத்தை ஒரு வரியில் சொல்வதென்றால்: இந்தியத் தொழில்முறை வீரர் ஒருவர் ஆசியப் பிரிவில் மேடை ஏறலாம். அந்த வீரர் சித்தூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ வரமாட்டார். பத்தாண்டு கழித்து வருவாரா என்பது இங்கே இப்போது எட்டு வயதாக இருக்கும் ஒரு பிள்ளையைப் பொறுத்தது. அந்தப் பிள்ளைக்கு மேட்டை யார் குவித்துக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பலகையைப் பறிக்கும் கை இங்கே ஏற்கெனவே இருக்கிறது.